ஒற்றை ஆள் பாய்மரம்

பைப்புக்காரர் வீட்டு முன்கதவு அந்தக் கோடை முழுக்கச் சாத்தப்படவில்லை. சாத்த முடியாது என்பதுதான் உண்மை. அடுப்படி ஜன்னலுக்குக் கீழே தொடங்கி, கூடத்தின் நடுவே ஓடி, வாசற்படியைத் தாண்டி ஒரு முழம் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு இரண்டு அலுமினியக் குழாய்கள் கிடந்தன. முக்காலி, நாற்காலி, கவிழ்த்த வாளி என்று வீட்டில் கிடைத்ததன் மேலெல்லாம் ஏற்றி, ஒன்றின் தலைமாட்டில் மற்றொன்றின் கால்மாடு வருகிறபடி படுக்க வைத்திருந்தார். இப்படித் திறந்து போட்டால் திருடன் வரமாட்டானா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். வந்தால் முதலில் அவன் முட்டியில்தான் இடிக்கும், அந்தச் சத்தத்தில் எழுந்துகொள்வேன் என்று பதில் வந்தது. எதிர்வீட்டுக்காரர் அதோடு நிறுத்திக்கொண்டார். பைப்புக்காரரிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

நகரசபையின் குடிநீர்ப் பிரிவில் குழாய் பொருத்தி ஓய்வு பெற்றவர். உதவியாள் நேரத்துக்கு வரமாட்டான், வந்தாலும் பீடி பிடிக்கப் போய்விடுவான் என்று இளவயதிலேயே ஆளை நம்புவதை விட்டுவிட்டார். இரண்டு பேர் தூக்க வேண்டிய குழாயைக் கயிறும் கொக்கியும் உருளையும் வைத்து ஒருவராகவே தூக்கி, ஒருவராகவே திருகி, ஒருவராகவே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வருவார். மேலதிகாரிகள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அவருக்கும் அது பெருமைதான். வீட்டிலும் அப்படியே. அரிசி மூட்டையை இறக்க ஒரு சாய்வுப் பலகை, பரணில் இருந்து அண்டாவை இறக்க ஒரு கயிறு, அவர் முதுகுக்கு அவரே தைலம் தடவிக்கொள்ள நீளமான ஒரு மரக்கரண்டி. அந்த மரக்கரண்டியைப் பார்த்தால் சிரிப்பு வரும். அவர் மனைவிக்கு மட்டும் அதைப் பார்த்துச் சிரிப்பு வந்ததில்லை.

அந்த அம்மாள் நல்ல உயரம். கணவரைவிட ஒரு சாண் அதிகம். கல்யாணப் போட்டோவில் அவளை உட்கார வைத்து அவரை நிற்க வைத்துச் சமாளித்திருந்தார்கள். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் நெட்டையம்மா. அவளும் கோபிப்பதில்லை. அங்கே உயரத்துக்கு மதிப்பு உண்டு. வெந்நீரில் அலசி, உலர்த்தி, சூடாக வந்து விழுகிற படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, இழுத்து, எதிரும் புதிருமாக நடந்து வந்து மடிக்க வேண்டும். காலையில் இருந்து மாலை வரை அதே வேலை. மறுமுனையில் நிற்பவள் எப்போது இழுப்பாள், எப்போது விடுவாள் என்பது துணி வழியாகவே கைக்குத் தெரிந்துவிடும். பல வருஷமாக அவளுக்கு மறுமுனை ஒரே ஆள்தான். வாய் ஓயாத, குண்டான ஒரு விதவை. பேசிக்கொண்டே மடிப்பாள், மடிப்பு ஒரு நூல் பிசகாது.

படகு கட்டப் போகிறேன் என்று பைப்புக்காரர் சொன்னது ஓய்வு பெற்ற சில மாதங்களில். ஊர்க்கோடியில் பெரிய ஏரி இருக்கிறது. அக்கரை பனி இல்லாத நாளில்தான் தெரியும். அதன் கரையோரம் வருஷக்கணக்காகக் குழாய் பதித்த மனிதர், தண்ணீரில் போகிற பாய்ப்படகுகளைப் பள்ளத்துக்குள் நின்றபடி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கல்யாணமான புதிதில் அவர்கள் குடியிருந்ததும் ஏரிக்குப் பக்கத்தில்தான். வாடகைப் படகில் ஒரு தடவை கூட்டிப்போங்களேன் என்று அவள் அப்போது கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார். பிறகு மகள் பிறந்தாள், வீடு மாறினார்கள், மகளும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. ஆகவே படகு என்று அவர் வாயைத் திறந்ததும் அவள் மனசு தானாகவே அதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. யாரும் அவளை ஏறச் சொல்லவில்லை என்பது அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பக்கவாட்டுச் சந்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒட்டுப்பலகையை வளைத்துப் படகின் உடம்பைக் கட்டினார். நீலத் தார்ப்பாலினை வெட்டி, அவளுடைய தையல் மிஷினில் அவரே உட்கார்ந்து பாயைத் தைத்தார். நான் தைத்துத் தருகிறேன் என்று அவள் சொல்லத்தான் செய்தாள். நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறாய், போய்ப் படு என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பார், துணி துவைப்பார், முகம் சுளிக்கமாட்டார். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருப்பதுதான் அவருக்குத் தெரிந்த பிரியம். அந்தப் பிரியத்தோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு தனிமை என்று அவருக்கு யார் சொல்வது?

பாய்மரம்தான் கடைசி வேலை. மூன்று ஆள் உயரத்துக்கு ஒரே குழாயாக வாங்கினால் சந்துக்குள் திரும்பாது, வண்டியிலும் ஏறாது. அதனால் இரண்டு குழாய். இரண்டுக்கும் உள்ளே இறுக்கமாகப் போகிற சின்னக் குழாய் ஒன்றை வெட்டி, பாதி இதற்குள், பாதி அதற்குள் விட்டு, இரண்டு டப்பாவில் வருகிற பசையைக் கலந்து பூசி, வெளியில் இருந்து ரிவெட் அடித்துவிட்டால் ஒரே குழாய் மாதிரி நிற்கும். அதற்கு முன்னால் உள்குழாயை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அவர் வாசலில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இருந்தார். வேலை முடிந்து வருகிற அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, குழாயைத் தாண்டி அந்தப் பக்கம் போய் டீ போடுவாள். தாண்டி இந்தப் பக்கம் வந்து கொடுப்பாள். அலுமினியத் தூள் அவர் புருவத்தில் வெள்ளையாக அப்பியிருக்கும். துடைத்துவிடலாமா என்று நினைப்பாள், அதற்குள் அவரே தோளில் துடைத்துக்கொள்வார்.

பாயின் அடியில் ஒரு குறுக்குக் குழாய் வரும். காற்று மாறும்போது அது படகின் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்கு வீசிப் போகும். உட்கார்ந்திருப்பவர் தலையில் படாத உயரத்தில் அதைப் பாய்மரத்தோடு பூட்ட வேண்டும். எந்த உயரம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஒரு முறை துளை போட்டால் போட்டதுதான். மேலே ஒன்று கீழே ஒன்று என்று மாற்றிப் போட்டால் குழாய் சல்லடையாகி அங்கேதான் ஒடியும். பைப்புக்காரர் சுவரோரமாகத் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, உச்சந்தலையில் கையைப் படுக்க வைத்துச் சுவரில் கோடு போட்டார். அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு இன்னொரு கோடு. அந்த இரண்டாவது கோட்டை அளந்து குழாயில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

அவர் கடைக்குப் போயிருந்த நேரம், கூடம் பெருக்க வந்த அவள் அந்தக் கோடுகளைப் பார்த்தாள். விளக்குமாறைச் சாய்த்து வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். தலையில் கையை வைத்துச் சுவரைத் தொட்டாள். மேல்கோடு அவளுக்கு நெற்றிக்கு நேராக இருந்தது. கொஞ்சம் குனிந்து பார்த்தாள். கழுத்தை மடக்கிப் பார்த்தாள். அப்படி எத்தனை நேரம் ஒருத்தி உட்கார முடியும்? எழுந்து மிச்சத்தைப் பெருக்கினாள்.

மறுநாள் சலவைக்கூடத்தில் விரிப்பை உதறும்போது மறுமுனையில் நின்ற தோழியிடம் சொன்னாள். அவளுக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேசுகிற மகளிடம் சொன்னால், அம்மா உனக்கு எதற்கு இந்த வயசில் படகு என்பாள்.

"அவருகிட்ட கேளேன். எனக்கும் சேத்து அளந்து போடுங்கன்னு வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே" என்றாள் தோழி.

"கேட்டு வாங்குற விஷயமா அது?"

"கேக்காம எது கெடச்சுது நமக்கு? துளை போட்டப்புறம் அழுவ, பாத்துக்க."

இரண்டு பேரும் நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள். தோழி அடுத்த விரிப்பை எடுத்தாள், வேறு கதைக்குப் போனாள். நெட்டையம்மாவுக்கு மட்டும் அன்றைக்கெல்லாம் நெற்றியில் அந்தக் கோடு இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் குழாயின் ஒரு கோடியில் குந்தி, ஒரு கண்ணை மூடி, நூல் பிடித்து நேர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துளைக்கிற மிஷின் தயாராகக் கிடந்தது. அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அந்தக் குறி கொஞ்சம் கீழ இருக்குங்க. எனக்கு நெத்தியில இடிக்கும்."

அவர் நூலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "உனக்கு ஏன் இடிக்கப் போவுது? நீயா அதுல உக்காரப் போற?"

குரலில் குத்தல் துளியும் கிடையாது. கேலியும் இல்லை. மழை வருமா என்று கேட்டால் வராது என்பது போலச் சொன்னார். கொஞ்சம் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம், சண்டை போட ஒரு பிடி கிடைத்திருக்கும். ஒரு கணம்கூட அவர் அவளை அந்தப் படகுக்குள் வைத்துப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஆமா, நான் எங்க உக்காரப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் தாண்டி அடுப்படிக்குப் போனாள். டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அவருக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. டீ நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். துளை போடுகிற சத்தம் வருகிறதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு அரிசி களைந்தாள். அன்றைக்குச் சத்தம் வரவில்லை. முதலில் இரண்டு குழாயையும் சேர்த்துவிடலாம், துளையெல்லாம் கடைசியில் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

அந்தச் சேர்ப்பை அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் செய்தார். நல்ல வெயில், தகரம் தகதகத்த நாள். குழாயைத் தள்ளும்போது எதிர்ப்பக்கம் நகராமல் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அவர் எதிர்க்குழாயை அடுப்படி ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினார். தண்ணீர்க் குழாய் என்றால் அது போதும். மரையில் திருகினால் தானாக உள்ளே போகும், கனமான இரும்பு, கோணினாலும் நிமிர்த்தலாம். இது மெல்லிசு, மரை கிடையாது, நேராகப் போனால்தான் போகும். அதைவிட அந்தப் பசை, வெயிலில் சீக்கிரம் இறுகிவிடும். அடுத்த வீட்டுப் பெண்ணிடம் ஒரு நிமிஷம் வாம்மா என்று சொல்லியிருக்கலாம். மனைவி வருகிறவரை காத்திருந்து வெயில் தணிந்தபின் செய்திருக்கலாம். நாற்பது வருஷப் பழக்கம் விடவில்லை. பசையைக் கலந்து பூசி, ஒருவராகவே தள்ளினார்.

உள்குழாய் பாதி போனது. கட்டிய கயிறு தளர்ந்து எதிர்க்குழாய் ஒரு விரல் தாழ்ந்தது, உள்குழாய் கோணிக் கவ்வியது. அந்தக் கோடிக்கு ஓடித் தூக்கி முட்டுக்கொடுத்துவிட்டு, இந்தக் கோடிக்கு ஓடி வந்து தள்ளினார். தள்ளினால் அது மறுபடி தாழ்ந்தது. மறுபடி ஓடினார். வீட்டின் நீளத்தை இப்படி எத்தனை தடவை ஓடினாரோ தெரியாது. வெயிலில் பசை வேகமாக இறுகத் தொடங்கியதும் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்தார். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

அவள் வந்து பார்த்தபோது பாய்மரம் மடங்கின முழங்கை மாதிரி கூடத்தில் கிடந்தது. அவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். விரல்களில் பசை காய்ந்து, பிரிக்க முடியாமல் கையை மடியில் வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் பார்வையை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் உள்ளே போய் வெந்நீர் வைத்து, கொஞ்சம் எண்ணெயும் எடுத்து வந்து, அவர் கையைத் தன் மடிக்கு இழுத்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்து எடுத்தாள். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். விரலே வேலை செய்யாதபோது எப்படி இழுப்பார்? அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளூர அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, வேணும் நல்லா என்றும் இருந்தது. முட்டை வேகவைத்து ரொட்டியோடு வைத்தாள். இரண்டு பேரும் கோணல் குழாய்க்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மறுநாள் அவர் மூட்டுக்கு இரண்டு பக்கமும் அறுத்துக் கெட்டுப்போன துண்டை வெளியே எறிந்தார். இரண்டு குழாயிலும் ஒவ்வொரு சாண் குறைந்துபோயிற்று. கடைக்குப் போய் நடுவில் வைக்க மூன்றாவது துண்டு ஒன்றும், இரண்டு மூட்டுக்கும் புது உள்குழாயும் வாங்கி வந்தார். அறுத்ததை ஈடுகட்ட இரண்டு சாண் போதும். அவர் வாங்கி வந்த துண்டு அதைவிட நீளம். அவள் கவனித்தாள். கைகழுவிவிட்டு வந்தவர் முக்காலியைச் சுவரோரம் தள்ளினார்.

"இங்க வந்து உக்காரு" என்றார்.

"எதுக்கு?"

"உக்காரேன்."

அவள் உட்கார்ந்தாள். அவர் அவள் தலையில் கையைப் படுக்க வைத்தார். கொண்டை உயரமாக இருக்கிறது, அவிழ்க்கட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும், கொண்டையோடுதானே வருவாய் என்று சொல்லிக் கோடு போட்டார். குறுக்குக் குழாய் மேலே ஏறினால் பாய்மரமும் உயர வேண்டும், துண்டு நீளமாக வந்தது அதற்குத்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. பழைய கோட்டை உப்புத்தாளால் தேய்த்து அழித்தார். சுவர்ச் சுண்ணாம்பும் கூடவே உரிந்தது. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய், காரியம் எதுவும் இல்லாமல் ஒரு பாத்திரத்தைக் கழுவினாள். மனசு லேசாகி, பாட்டுப் பாடலாம் போல இருந்தது.

வெயில் தணிந்தபின் பசையைக் கலக்கினார். இந்தத் தடவை கயிற்றை எடுக்கவில்லை. குழாயின் ஒரு கோடியில் நின்றுகொண்டு, செருப்பைத் தேடுவது போலத் தரையைப் பார்த்தபடி, "அந்தப் பக்கம் கொஞ்சம் புடி" என்றார். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அடுப்படி ஜன்னலடியில் போய் நின்று குழாயைத் தூக்கிப் பிடித்தாள்.

எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர் விளக்கத் தொடங்கினார். அவள் தலையை ஆட்டினாள். விளக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை. அவர் தள்ளுவதும் திருப்புவதும் அத்தனை நீளம் தாண்டி உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவர் இடப்பக்கம் திருப்பினால் அவள் வலப்பக்கம் திருப்பினாள், அவர் மூச்சு வாங்கும்போது அவளும் நிறுத்திக் காத்திருந்தாள். உள்குழாய் வெண்ணெயில் கத்தி போலப் போயிற்று. ஓரத்தில் பிதுங்கிய பசையை அவர் துணியால் வழித்தார். இரண்டாவது மூட்டும் அப்படியே. நூல் பிடித்துப் பார்த்தார். இந்தக் கோடியில் இருந்து பார்த்தார், அந்தக் கோடிக்கு வந்து அவள் பக்கத்தில் குந்தியும் பார்த்தார்.

"நேரா வந்திடுச்சு" என்றார், நம்ப முடியாதவர் போல.

அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியது. அவர் அதற்குள் ரிவெட் டப்பாவைத் தேடிப் போய்விட்டார்.

படகைத் தண்ணீருக்குக் கொண்டுபோன காலையில் தெருவே வேடிக்கை பார்த்தது. நாலு பேர் கை கொடுக்க வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். படகின் அடியில் இரண்டு சைக்கிள் சக்கரம் மாட்டி, அவரே இழுக்கிற மாதிரி செய்திருந்தார். அவள் பின்னால் டீ பிளாஸ்க்கோடு நடந்தாள். அன்றைக்கு விடுப்பு போட்டிருந்தாள். தோழியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள், தோழியும் நனையாமல் வா என்று அனுப்பியிருந்தாள்.

கரையில் பாய்மரத்தை நிமிர்த்தினார். அடியில் ஒரு கீல் வைத்து, ஒரு கப்பியில் கயிறு ஓடும்படி செய்திருந்தார். படகுக்குள் உட்கார்ந்து ஒருவரே இழுத்தால் குழாய் மெல்ல எழுந்து நிற்கும். அவள் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு போனாள். தள்ளி நில், மேலே விழுந்துவிடப் போகிறது என்றார். அவள் தள்ளி நின்றாள். மூன்று துண்டுகளும் ஒரே குழாயாக வெயிலில் மின்னிக்கொண்டு எழுந்தன. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"ஏறு" என்றார்.

படகின் முன்பாதியில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. பஞ்சு வைத்து, மிச்சத் தார்ப்பாலினில் உறை போட்டு, முதுகு சாய ஒரு பலகையும் வைத்திருந்தார். அவளுக்குத் தெரியாமல் எப்போது தைத்தார் என்று தெரியவில்லை. உட்கார்ந்தாள். சுகமாக இருந்தது. அவர் காலால் கரையை உந்தினார், பாய் காற்றைப் பிடித்தது, படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடத் தொடங்கியது. இத்தனை வருஷம் பார்த்த ஏரி உள்ளே வந்து பார்த்தால் வேறு ஏரியாக இருந்தது. தண்ணீர் பலகையில் தட்டுகிற சத்தம் இடுப்பு வழியாக ஏறியது. அவர் அண்ணாந்து மூட்டுகளைப் பார்த்தார். இரண்டும் அசையவில்லை. அவர் முகத்தில் அவள் பார்த்தே இராத ஒரு வெளிச்சம்.

காற்று மாறியது. அவர் சுக்கானை முழங்காலால் தள்ளி, ஒரு கையால் ஒரு கயிற்றைத் தளர்த்தி, இன்னொரு கையால் இன்னொன்றை இழுத்து, மூன்றாவதைப் பல்லில் கடித்துக்கொண்டார். குறுக்குக் குழாய் அவள் கொண்டைக்கு மேலே தாராளமாக இடம் விட்டு வீசிப் போயிற்று. பயப்படாதே, படாது என்று கயிற்றைக் கடித்தபடியே சொன்னார். அவள் பயப்படவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தாள். பிளாஸ்க்கைத் திறக்கலாமா என்று பார்த்தாள். அவருக்குக் கை காலியாக இல்லை. மறுபடி காற்று மாறியது, மறுபடி அவரே எல்லாம் செய்தார். கரை சின்னதாகிவிட்டது. இவ்வளவு தண்ணீருக்கு நடுவில், இரண்டு அடி தூரத்தில் கணவரை வைத்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அழுகை வந்தது. விழுங்கிக்கொண்டாள். கேட்காமல் எது கிடைத்தது?

"ஏங்க, எனக்கும் ஒரு கயிறு குடுங்க" என்று கையை நீட்டினாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். கடித்திருந்த கயிறு வாயில் இருந்து நழுவியது. மறுப்பார் என்று நினைத்தாள். அவர் மறுக்கவில்லை. உடனே கொடுத்துவிடத்தான் கைகளைப் பார்த்தார். இடக்கைக் கயிறு பாய்மரத்தின் உச்சிக்குப் போய்த் திரும்பி அவரிடம் வந்தது. வலக்கைக் கயிறு குறுக்குக் குழாயில் இருந்து கப்பி வழியாக அவரிடம் வந்தது. மற்றது அவர் காலடியில் கட்டியிருந்தது. எல்லாக் கயிறும் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து முடிந்தது. அவள் பக்கம் எட்டுகிற மாதிரி ஒன்றுகூட நீளம் விட்டு வெட்டவில்லை. எதை அவிழ்ப்பது, எப்படி நீட்டுவது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடிற்று.

பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.